வியட்நாமோடு ஒரு ராஜி

ராஜிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். சந்தேகமிருந்தால் தெருவில் நின்று யாரோடாவது இரண்டு நிமிஷம் குரலை உயர்த்திப் பேசிப் பாருங்கள். மூன்றாவது நிமிஷம் உங்களுக்கும் எதிராளிக்கும் நடுவில், இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "சரி, சரி, சரி, என்ன நடந்துச்சு, மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்று ஒருவர் நிற்பார். அவர்தான். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள். அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

நல்ல மத்தியஸ்தர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. அவர்களுக்குச் சண்டை தீர வேண்டும். ராஜிக்காரருக்கு அதுவல்ல விஷயம். சண்டைக்கு இரண்டு பக்கம் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டும், அந்த இடத்தில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும், கடைசியில் "அவர் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்!" என்று நாலு பேர் சொல்ல வேண்டும். யாரிடம் நியாயம் என்பதெல்லாம் அவருக்குச் சில்லறை விவகாரம். அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு பாதி. அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு பம்புசெட்டுக்கு அடித்துக்கொண்டார்களா? மோட்டார் அண்ணனுக்கு, ஸ்டார்ட்டர் பெட்டி தம்பிக்கு. இரண்டு வயலுக்கும் தண்ணீர் கிடையாது. ஆனால் பாருங்கள், இரண்டு பேருக்கும் சமமாகக் கிடையாது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கு வடக்கே ஆறு கிலோமீட்டர். எங்கள் ஊர் ராஜிக்காரர் பெயர் நாகேஸ்வரன். தாலுக்கா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு நிலம் இருந்தது, ஊர் வழக்கெல்லாம் அவர்கள் வாசலுக்கு வந்தது. இப்போது நிலம் இல்லை, வாசல் மட்டும் இருக்கிறது. வழக்குதான் வருவதில்லை. ஆகவே இவர் போகிறார். தஞ்சாவூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இரண்டு பேர் முறைத்துக்கொண்டபோது, பஸ்ஸை வடுவூரில் ஓரம் கட்டவைத்து, ஷட்டரைப் பாதி இறக்கி ராஜி பண்ணினார். மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்துக்காரருக்கு நெஞ்சு வரைக்கும் நனைந்தது, பக்கத்துக்காரருக்கு இடுப்பு வரைக்கும் புழுங்கியது. இருவரும் திருவாரூர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மன்னார்குடியிலேயே இறங்கிப் போனார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு சர்வதேச வழக்கு கிடைத்தால் என்ன ஆகும்? கிடைத்தது.

கிடைக்கவைத்தவள் பூவிழி. ரெத்தினத்தின் மகள். ரெத்தினம் சின்ன வயதில் மற்றவர்கள் நிலத்தில் நாள்கூலிக்கு நட்டவர், பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், சொந்தமாக வாங்கியவர். பூவிழி பார்மசி படித்துவிட்டு மன்னார்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். குறுவை நெல்லுக்கு நடவாள் கிடைப்பது எங்கள் பக்கம் எவ்வளவு பாடு என்று தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். போன வருஷம் ஆள் கிடைக்காமல் அப்பா பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அவள் ஒரு வருஷச் சேமிப்பைப் போட்டு, வியட்நாமிலிருந்து கையால் சுற்றுகிற நடவு இயந்திரம் ஒன்றை இணையத்தில் வாங்கினாள். சின்னது, அழகானது. ஒரு தட்டில் பாய் மாதிரி வளர்த்த நாற்றைச் சுருட்டி வைக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு இரும்பு விரல்கள் நாற்றைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து இரண்டு வரிசையாகச் சேற்றில் செருகும்.

பெட்டி வந்தது. எல்லாம் இருந்தது. அந்த இரண்டு விரல்கள் மட்டும் இல்லை.

பூவிழி கம்பெனிக்கு எழுதினாள். அவர்கள் பெட்டி கட்டும்போது எடுத்த படத்தை அனுப்பினார்கள். இவள் பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோவை அனுப்பினாள். பத்து மின்னஞ்சல் போய், பத்து வந்தது. கடைசியில் அந்த விற்பனைத் தளமே, "இப்படி நாடு விட்டு நாடு வரும் புகார்களுக்கு எங்களிடம் இலவச மத்தியஸ்தம் உண்டு, வீடியோவில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று நாள் குறித்துக் கொடுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் இயந்திரத்தை நம்பி வீட்டில் பாய் நாற்றங்கால் போட்டாகிவிட்டது. பேச்சுக்குக் குறித்த நாளன்று நாற்றுக்குப் பதினைந்து நாள் வயது. இருபத்தைந்து நாளைத் தாண்டினால் பாயில் வேர் பின்னிக்கொண்டு இயந்திரத்துக்கு ஆகாது. விரல் வந்தால் ஆறு மாவும் நடலாம், வராவிட்டால் நாற்று மாட்டுக்குத்தான். அவ்வளவுதான் வழக்கு.

பூவிழி செய்த ஒரே காரியம், நாகேஸ்வரன் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது. "சார், ஒரு முக்கால் மணி நேரம் உங்க வைஃபை வேணும். ஒரு மத்தியஸ்தம் இருக்கு" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கவே வேண்டாம்!

நாகேஸ்வரன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்து அவர் மனைவி மதுரம் பயந்துவிட்டார். பதினைந்தே நிமிஷத்தில் சார் குளித்து, விபூதி இட்டு, வெள்ளை வேஷ்டி கட்டி, தோளில் துண்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். படிவத்தில் 'உடன் அமரும் பிரதிநிதி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தன் பெயரைத் தானே தட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டிலிருந்த என்னையும், "நீ சாட்சி, வந்து உக்காரு" என்று கூப்பிட்டார். வாய்க்கால் முறைத் தண்ணீர் தகராறில் அவர் ஒரு முறை ரெத்தினத்துக்கு ஆதரவாகப் பாதி பேசியிருக்கிறார்; பூவிழிக்கு மறுக்க வாய் வரவில்லை.

முதல் சிக்கல் நடு. வாதி ஒரு பக்கம், பிரதிவாதி ஒரு பக்கம், தான் நடுவில் என்பது சாருக்கு ஐம்பது வருஷப் பழக்கம். லேப்டாப்பிலோ எல்லாரும் ஒரே திரையில் தெரிகிறார்கள். "இது என்ன, எதிராளியும் நம்மளும் ஒரே பாயில உக்காந்த மாதிரி?" என்றார். தன் செல்போனிலும் அதே கூட்டத்தைத் திறந்து, அதை ஒரு சொம்பில் சாய்த்து இடது பக்கம் வைத்தார், அது வியட்நாம். லேப்டாப்பையும் பூவிழியையும் வலது பக்கம் வைத்தார்; அது நாம். நடுவில் அவர். இரண்டு கருவியும் ஒன்றின் குரலை ஒன்று பிடித்துக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தன. சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த மத்தியஸ்தர், ஆக்னஸ் என்ற அம்மாள், காதைப் பொத்திக்கொண்டது திரையில் தெரிந்தது. மதுரம் அம்மாதான் உள்ளேயிருந்து வந்து செல்போனை அணைத்து எடுத்துக்கொண்டு போனார்.

பேச்சு இங்கிலீஷில். சாரின் இங்கிலீஷ் தாலுக்கா ஆபீஸ் இங்கிலீஷ். அதை உங்களுக்காகத் தமிழிலேயே தருகிறேன்.

ஆக்னஸ் அம்மாள் விதிமுறைகளைச் சொன்னார். பூவிழி மூன்றே வாக்கியத்தில் தன் குறையைச் சொன்னாள். அடுத்து கம்பெனியின் சார்பில் லான் என்ற பெண். கண்ணாடி போட்ட சின்னப் பெண், குனிந்து வணங்கிவிட்டுச் சொன்னாள்: "கிடங்கில் பார்த்துவிட்டோம். உங்கள் இரண்டு விரல்களும் எங்களிடமேதான் இருக்கின்றன. தவறு எங்களுடையது. இரண்டையும் நாளையே விமானத்தில் அனுப்புகிறோம். ஒரு வாரத்தில் வந்துவிடும். மன்னித்துக்கொள்ளுங்கள்."

மொத்தம் நாலு நிமிஷம். பூவிழிக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி, கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, தப்பு எங்களுடையது என்று நேராகச் சொல்கிறாள். நம் ஊரில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

நாகேஸ்வரன் முகம் தொங்கிவிட்டது.

"அது எப்படி?" என்றார்.

"என்ன சார் எப்படி? ரெண்டையும் அனுப்பறேங்கறாங்களே."

"நீ ரெண்டு கேக்கற. அந்தப் பொண்ணு ரெண்டு தர்றேங்குது. அப்ப நடுவுல நான் எங்க நிக்கறது?"

பூவிழி சிரித்தாள், சார் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று. அவர் விளையாடவில்லை. வாயைத் திறந்தார். ஐந்து நிமிஷம், சோழ நாட்டில் நியாயம் எப்படிக் கேட்கப்படும் என்பது பற்றி. பிறகு, லான் ஒன்றும் மறுத்துப் பேசாததால், தானே கோபப்பட்டு, "இப்படி அவமரியாதை பண்ற எடத்துல நான் இருக்க மாட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளிநடப்புச் செய்தார். ராஜிக்காரர் இனத்தில் இது ஒரு கட்டாயச் சடங்கு. இவர் எழுந்து போக வேண்டும், நாலு பேர் பின்னால் ஓடி, "சார், நீங்களே போயிட்டா எப்படி சார்" என்று கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். வாசல் கேட்டு வரைக்கும் போய் நின்று, கேட்டைப் பிடித்துக்கொண்டு, பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து யார் ஓடி வருவார்கள்? ஆக்னஸ் அம்மாள், "உங்கள் பிரதிநிதிக்கு இணைப்புத் துண்டிக்கப்பட்டுவிட்டது போலிருக்கிறது" என்று எழுதி அனுப்பினார். பத்து நிமிஷம் கழித்து, "சரி, ஊர் பெரியவன்னு இருக்கறதால வந்தேன்" என்று தானே வந்து உட்கார்ந்தார்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்ய இருபது நிமிஷம் ஆகும், வந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும், பிரதிநிதியே அமுக்கலாம் என்றார் ஆக்னஸ். பூவிழிக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது; அவள் போய்ச் சாவி வாங்கினால்தான் அங்கே ஒருவர் வீட்டுக்குப் போக முடியும்.

"சார், வேற ஒண்ணும் பேச வேணாம். பச்சை பட்டன் வரும். அமுக்கிடுங்க. அவ்வளவுதான்" என்றாள். என் பக்கம் திரும்பி, "நீங்களும் பாத்துக்குங்கண்ணே" என்றாள்.

பார்த்துக்கொண்டேன். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

அவளுடைய ஸ்கூட்டி சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் சார் தொண்டையைச் செருமினார். "மேடம், ஒரு நிமிஷம். எதிர்த்தரப்பு இவ்வளவு எறங்கி வரும்போது எங்க தரப்பு ஒண்ணுமே விட்டுக்கொடுக்கலேன்னா எங்க ஊருக்கு மரியாதை இல்லை. ரெண்டு விரல் வேண்டாம். ஒண்ணு போதும்."

லான் பதறிப்போனாள். "ஐயா, இயந்திரத்துக்கு இரண்டும் வேண்டும்."

"பாத்தியா, மனசு எறங்கிடுச்சு" என்றார் என்னிடம், தமிழில், கண் மின்ன. "இப்பத்தான் ராஜியே ஆரம்பிக்குது."

பேரம் தொடங்கியது. என் ஆயுசில் அப்படி ஒரு பேரத்தை நான் பார்த்ததில்லை. விற்றவள் மேலே மேலே போகிறாள்; வாங்கியவர் தரப்பு கீழே கீழே இழுக்கிறது. லான் இரண்டு விரல், கூடவே இரண்டு உதிரி என்று நாலுக்குப் போனாள். இவர் ஒன்று. லான் மூன்று. இவர் ஒன்று. அந்தப் பெண் அழுகிற நிலைக்கு வந்து, "உதிரி வேண்டாமென்றால் சரி, இரண்டை மட்டுமாவது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கும்பிட்டாள். இவர் உள்ளங்கையைக் காட்டி, "ஒண்ணுக்கு மேல எங்களுக்கு வேண்டாம். நியாயம்னா நியாயம்" என்றார். ஆக்னஸ் அம்மாள் கவலையோடு, "இப்படி ஒப்புக்கொள்ள உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?" என்று கேட்டார். "மூணு தலைமுறையா இருக்கு" என்றார் சார். ஆக்னஸ் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். முழு அதிகாரம் என்று சாரே காலையில் தட்டியிருந்தார்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்கிறீர்களா? திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் காபி வந்துவிட்டது.

ஒப்பந்தம் திரையில் வந்தது. ஹெட் கிளார்க் கை சும்மா இருக்குமா? கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: இதன் பேரில் எங்களுக்கு இனி எக்காலத்திலும் எவ்விதப் பாத்தியதையும் இல்லை, வில்லங்கம் பேசுவதில்லை. சேர்த்தார்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினார். திரையில் கலர் காகிதம் பறந்தது. சார் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

காபி டம்ளரை எடுக்க வந்த மதுரம் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "ஏங்க, ஒத்தை வெரலை வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு எப்படிங்க நடும்?"

"நடவு வேற, நியாயம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்றார் சார்.

"நீங்க நாசமாப் போறதுல மட்டும் பாதி கெடையாது, முழுசுதான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மருந்துக்கடையில் பூவிழியின் போனுக்கு ஒப்பந்தம் போய்ச் சேர்ந்தது. அவள் எனக்குப் போன் பண்ணினாள். என்ன பேசினாள் என்று எழுத மாட்டேன். பேசியதில் பாதி எனக்கு உறைத்தது, மீதிப் பாதி நியாயமாகச் சாருக்குப் போக வேண்டியது. உடனே லானுக்கு எழுதினாள். லான் இரண்டு நாள் தன் மேலதிகாரிகளோடு போராடிவிட்டு எழுதிய பதிலைப் பூவிழி எனக்குக் காட்டினாள்: "எங்கள் சட்டப் பிரிவு கடைசி வரியைக் காட்டி மறுக்கிறது. இரண்டாவது விரலை அனுப்பினால் நாங்கள் ஒப்பந்தத்தை மீறியவர்கள் ஆவோமாம். உங்கள் பகுதியின் வழக்கத்தை மதிக்கிறோம். அந்தப் பெரியவரின் பெருந்தன்மையைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை."

உள்ளூர்ப் பட்டறையில் ஒரு விரல் அடித்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ரெத்தினம் அதையும் பார்த்தார். பட்டறையில் அடித்துத் தந்த விரல் நாற்றைக் கெட்டியாகப் பிடித்தது. பிடித்ததை விடத்தான் இல்லை.

வியட்நாம் விரல், பஞ்சு சுற்றிய அழகான டப்பாவில், ஒற்றையாக வந்து சேர்ந்தது. அன்றைக்கு நாற்றுக்கு இருபத்திரண்டு நாள். இரண்டு விரல் இருந்திருந்தால் ஆறு மாவுக்கும் மூன்று நாள் வேலை. ஒற்றை விரலில் ஒரு வரிசை நட்டு, திரும்பி வந்து விட்ட வரிசையை நட வேண்டும், ஆறு நாள். நாற்றுக்கு இருந்ததோ மூன்றே நாள். பூவிழி கடைக்கு லீவு போட்டுவிட்டு, அப்பா ஒரு நேரம் தான் ஒரு நேரம் என்று, மூன்று நாளும் விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரை கைப்பிடியைச் சுற்றினாள். நாலாம் நாள் காலையில் பாயைத் தட்டில் வைத்தால் விரல் கிள்ளவில்லை, கிழித்தது. வேர் பின்னிக்கொண்டு பாய் மொத்தமாக வந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்துக்கு நாகேஸ்வரன் வந்தார். குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று வயலைப் பார்த்தார். மூன்று மாவில் பச்சை. மூன்று மாவில் வெறும் தண்ணீர். அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது பாருங்கள், அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

"கரெக்டா பாதி வந்திருக்கு, பாத்தீங்களா?" என்றார்.

ரெத்தினம் துண்டை இடுப்பிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, வெதை முழுசாத்தான் விட்டேன். தண்ணியும் முழுசாத்தான் கட்டினேன். அறுக்கறது மட்டும் பாதின்னு யாருங்கய்யா சொன்னது?"

பூவிழி எழுந்து நின்றாள். கை முழுக்கக் கொப்புளம். "எனக்கு வயிறெரியுது சார். குடுக்கிறேன்னு கும்பிட்டவளை வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு சார்?"

சார் கோபித்துக்கொள்ளவில்லை. குடையை மடக்கினார். இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு பக்கமும் விரித்தார். கண்ணைப் பாதி மூடினார்.

"சரி, சரி. உனக்கும் எனக்கும் இப்ப ஒரு மனஸ்தாபம் வந்துடுச்சு. இதைப் பெரிசு பண்ண வேண்டாம். பேசித் தீத்துக்கலாம். நடுவுல யாரைப் போடலாம்?" சுற்றுமுற்றும் பார்த்தார். "வேற யாரு இருக்கா? நானே இருந்துடறேன்."

பூவிழி கிழிந்த பாய் நாற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தாள். மாடுகள் மட்டும் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டன.

இதுதான் ராஜிக்காரர். இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது, "மனுஷர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அந்தப் பெண்ணும் அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது, வியட்நாம்காரியும் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம், இந்தக் கதை சொல்கிறவன் காபியைக் கீழே வைத்திருக்கலாம், மொத்தத்தில் எல்லார் பேரிலும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருக்கிறது" என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியதென்றால், ஐயா, அம்மா, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. தயவுசெய்து மன்னார்குடி பஸ் ஏறிவிடாதீர்கள். பூவிழிக்கு மிஞ்சியிருப்பது மூன்று மா. நீங்களும் வந்து சேர்ந்தால் ஒன்றரை ஆகிவிடும்.